ஊர்க் குடிநீர்: முதல் ரூபாயை எங்கே போடுவது?

எங்கள் பக்கத்துப் பேரூராட்சிகளில் கடைசித் தெருவுக்குப் போனால் வீட்டு வாசலில் ஒரு குழி இருக்கும். இரண்டடி ஆழம்; இறங்கி நிற்க ஒரு கல். குழாயில் வருகிற தண்ணீருக்கு மேலே ஏறும் விசை கிடையாது என்பதால், தரையைத் தோண்டிக் குழாயை வெட்டிக் குழிக்குள்ளேயே பிடிக்கிறார்கள். குடத்தை நேராக வைக்க இடம் பத்தாது. ஒரு சொம்பைக் குழாய்க்கு அடியில் கொடுத்து, அது நிறைய நிறைய மேலே இருக்கும் குடத்தில் ஊற்ற வேண்டும். ஒருவர் குழிக்குள் குனிந்து மொண்டு கொடுக்க, இன்னொருவர் மேலே வாங்கி ஊற்றுவார். மழை நாளில் அந்தக் குழியில் தெருத் தண்ணீர் நிற்கும். குழாயில் வரத்து நின்றதும் உள்ளே உறிஞ்சல் உண்டாகி, குழியில் நிற்கிற அழுக்கு குழாய்க்குள் போகும். மறுமுறை வால்வு திறக்கும்போது முதலில் வருவது அதுதான்.

அதே காலையில் மேல்நிலைத் தொட்டிக்கு அடுத்த தெருவில், வீட்டுத் தரைத் தொட்டி நிரம்பி வாசல் வழியே தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு தெருவையும் சேர்த்துப் பார்க்காமல் "ஊருக்குத் தண்ணீர் போதவில்லை" என்று மன்றத்தில் பேசினால், வருகிற தீர்மானம் பெரும்பாலும் ஒரு புது போர்வெல், இல்லையென்றால் பல ஊர்களுக்குச் சேர்த்துத் தொலைவிலிருந்து தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கூடுதல் ஒதுக்கீடு கேட்டு ஒரு கடிதம். இரண்டும் சில ஊர்களுக்குத் தேவைதான். ஆனால் பேரூராட்சியின் கையில் இருக்கும் பணம் கொஞ்சம். எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஊர்களில் முதல் ரூபாய் பழைய குழாய்க்கும் அளவு கருவிக்கும் போக வேண்டும். இரண்டாவது ரூபாய் ஊருணிக்கு, அதாவது மழைநீரைத் தேக்கும் ஊர்க் குளத்துக்கு. புதுத் தண்ணீர் அதற்குப் பிறகு. விதிவிலக்கான ஊர்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

கணக்குப் போட ஓர் ஊரை வைத்துக்கொள்வோம். மக்கள்தொகை 25,000. பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பொறியியல் கையேடு சொன்ன அளவு. பாதாளச் சாக்கடை இருந்தால் 135. ஆக நம் ஊருக்கு 17.5 லட்சம் லிட்டர் வேண்டும். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. அவற்றில் பலவும் இந்த ஊரைவிடச் சிறியவை.

போர்வெல்: சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும்

போர்வெல்லின் பெரிய பலம் வேகம். வண்டி வந்து இரண்டு நாளில் துளை போட்டுவிடும். அடுத்த வாரம் மோட்டார் இறங்கும். கோடையில் பெண்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கவுன்சிலரால் உடனே காட்டக்கூடிய வேலை இது ஒன்றுதான். அந்த நெருக்கடியை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் தமிழ்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடும்பாறை. அங்கே நிலத்தடி நீர் என்பது பாறை வெடிப்புகளில் தங்கிய நீர். மேலே உள்ள சிதைந்த பாறை அடுக்கு பஞ்சு போல நீரைப் பிடித்துவைக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், கிடைப்பதும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. முதல் கோடையில் கொட்டுகிற போர் மூன்றாவது கோடையில் இருமுவது இதனால்தான். பக்கத்திலேயே இன்னொன்று போட்டால் இரண்டும் ஒரே வெடிப்பிலிருந்து உறிஞ்சும். எண்ணிக்கை கூடும், தண்ணீர் கூடாது.

செலவும் துளையோடு முடிவதில்லை. ஆயிரம் லிட்டரை 30 மீட்டர் கிணற்றிலிருந்து ஏற்ற, பாதித் திறனில் ஓடும் மோட்டாருக்கு 0.16 யூனிட் மின்சாரம் போதும். 200 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்ற 1.1 யூனிட் வேண்டும். ஒரே தண்ணீருக்கு ஏழு மடங்கு மின்கட்டணம், ஒவ்வொரு நாளும். கடலோரம் என்றால் உப்பு ஏறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற இடங்களில் ஃப்ளோரைடு வரும்.

என்னைக் கேட்டால் போர்வெல் ஊரின் சேமிப்புக் கணக்கு. மழை பொய்த்த ஆண்டுக்கு என்று வைத்திருக்க வேண்டியதைத் தினச்செலவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கூட்டுக் குடிநீர்: ஆற்றின் வால்நுனியில் நிற்பது

கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இல்லாமல் தமிழ்நாட்டின் பாதி இன்று வாழ முடியாது. 1971இல் தொடங்கிய தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆகப் பெரிய உழைப்பு இவைதான். திருச்சியில் காவிரியில் எடுத்த தண்ணீர் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ராமநாதபுரத்துக்குப் போகிறது. 616 கோடி ரூபாயில் கட்டி 2009இல் தொடங்கிய திட்டம் அது; புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்று மாவட்டங்களில் 3,000-க்கும் மேற்பட்ட குடியிருப்புகளுக்காகத் திட்டமிட்டது. குடிக்க உப்புத் தண்ணீரைத் தவிர வேறு அறியாத ஊர்களில் காவிரித் தண்ணீர் வந்த நாளை இன்னும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஒகேனக்கல் திட்டம் இன்னும் முக்கியமானது. 1,928 கோடி ரூபாய், ஜப்பானியக் கடனுதவி, 2013 மே மாதம் தொடக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் இருந்த ஃப்ளோரைடு குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கோடாகவும், ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் எலும்பில் வளைவாகவும் வெளிப்பட்டது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. இப்படிப்பட்ட ஊரில் கசிவை அடைத்து என்ன பயன்? சேமிப்பதும் அதே நஞ்சுத் தண்ணீர்தான். வெளியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருவது அங்கே முதல் வேலை. என் வரிசைக்கு நான் சொன்ன விதிவிலக்கு இதுவே. கடலோரத்தில் கிணறெல்லாம் உப்பாகிவிட்ட ஊருக்கும் இதே நியாயம்.

மற்ற ஊர்களுக்கு வரும்போது, கூட்டுக் குடிநீரின் பலவீனம் அதன் நீளத்திலேயே இருக்கிறது. வழியில் எங்கோ சாலை அகலப்படுத்தும் பொக்லைன் குழாயை உடைத்தால், நீரேற்று நிலையத்தில் மின்சாரம் போனால், வால்நுனி ஊருக்கு மூன்று நாள் தண்ணீர் இல்லை. ஆற்றில் மணல் அள்ளி மட்டம் இறங்கிவிட்டால் நீரெடுப்புக் கிணறே மேலே தெரிந்துவிடும். வழியில் உள்ள ஊர்கள் தங்கள் பங்குக்கு மேல் எடுத்தாலும் கடைசி ஊர் கேட்க முடியாது. ஊருக்குள் கடைசித் தெரு படும் பாட்டை, மாவட்டத்துக்குள் கடைசிப் பேரூராட்சி படுகிறது.

இன்னொன்றும் உண்டு. இத்தனை தூரம் மின்சாரம் செலவழித்து வந்த காவிரித் தண்ணீர், நம் தொட்டியில் ஏறி, நம் பழைய குழாயில் இறங்கி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகிறது என்றால், ஒதுக்கீட்டை அதிகமாக்கச் சொல்லிக் கேட்க நமக்கு என்ன முகம் இருக்கிறது?

கசிவு: ஊருக்குள்ளேயே இருக்கும் போர்வெல்

தண்ணீர் திறந்துவிடுகிற ஒருவரோடு ஒரு வாரம் விடிகாலையில் சுற்றினேன். காலை நாலரை மணி. தோளில் ஆளுயர டி வடிவ இரும்புச் சாவி. தெரு முனையில் ஒரு மூடியை நெம்பித் தூக்கி, சாவியை உள்ளே விட்டுச் சுற்றினார். "இதுக்கு ஏழு சுத்து. எட்டு சுத்துனா மேலத் தெருவே குடிச்சிரும், கீழத் தெருவுக்குப் போகாது" என்றார். எதில் எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தலையைத் தொட்டுக் காட்டினார். "ஆபீஸ்ல வரைபடம் இருக்கும் தம்பி. ஆனா அதுல இருக்கிற லைன் பாதி இப்ப இல்ல, இப்ப இருக்கிற லைன் பாதி அதுல இல்ல." அவருக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு ஆண்டு. அந்த மனிதரை ஒரு மாதம் உட்காரவைத்து ஒவ்வொரு வால்வையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள ஆகும் செலவு ஒன்றுமில்லை. அவர் போன பிறகு அதை எந்த விலைக்கும் வாங்க முடியாது.

அந்த வால்வுக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வால்வின் கழுத்தில் சுற்றிய கயிறு இற்றுப்போய், பென்சில் பருமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. குழி நிறைந்து பக்கத்துச் சாக்கடைக்கு வழிந்தது. "இது எப்பவும் இப்படித்தான்" என்றார் அவர்.

பென்சில் பருமன் என்றால் எவ்வளவு? அதைவிடச் சிறிய துளையையே எடுத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீட்டர். பத்து மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் அதன் வழியாக மணிக்கு 200 லிட்டர் போகும். அந்தக் குழாயில் நாள் முழுக்க நீர் நின்றால் ஏறத்தாழ 5,000 லிட்டர், எழுபது பேருக்கான ஒரு நாள் தண்ணீர்.

இப்போது நம் 25,000 பேர் ஊர். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008இல் வெளியிட்ட சேவை அளவுகோலின்படி, ஏற்றிய தண்ணீரில் கணக்கில் வராமல் போவது 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நம் ஊரில் 35 சதவீதம் போகிறது என்று வைத்து, அதை 20-க்குக் கொண்டுவந்தால் நாளொன்றுக்கு 2.6 லட்சம் லிட்டர் மிச்சம். நிமிடத்துக்கு 100 லிட்டர் தந்து பத்து மணி நேரம் ஓடும் ஒரு போர், நாளுக்கு 60,000 லிட்டர் கொடுக்கும். அப்படி நான்குக்கும் மேற்பட்ட போர்வெல்லுக்குச் சமமான தண்ணீர் தெருவுக்கு அடியிலேயே கிடக்கிறது. ஏற்கெனவே எடுத்து, குளோரின் கலந்து, மின்சாரம் கொடுத்து ஏற்றிய தண்ணீர் அது. மொத்த ஏற்றம் 60 மீட்டர் என்றால் அந்த 2.6 லட்சம் லிட்டருக்காக மட்டும் ஆண்டுக்கு 28,000 யூனிட்டுக்கு மேல் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தொடக்கத்தில் வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தொட்டியின் எல்லா வெளிவழி வால்வுகளையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலை நான்கு மணிக்குப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் பத்து சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 7,800 லிட்டர் போயிருக்கிறது. தொட்டி விரிசலா, மூடாத வால்வா என்று அடுத்துப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொரு வார்டாக. போர், சம்ப் எனும் தரைத் தொட்டி, மேல்நிலைத் தொட்டி மூன்றின் வெளிவழியிலும் பெரிய நீர்மானி இருந்தால் ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வரலாம். பல ஊர்களில் அந்த மானி நின்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைச் சரிசெய்வதுதான் முழுத் திட்டத்திலும் முதல் வேலை என்பேன்.

கசிவு பெரும்பாலும் மெயின் லைனில் தெரியும்படி உடைவதில்லை. மெயினிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்பில், சாலை போடும்போது நசுங்கிய துண்டில், பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயின் மூட்டில், தலை கழன்ற தெருக்குழாயில், மிதவை வால்வு இல்லாத வீட்டுத் தரைத் தொட்டியில் சிறுகச் சிறுகப் போகிறது. இரவில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவரைத் திட்டிப் பயனில்லை. மட்டம் காட்டும் கருவி ஒன்றையும் தானே நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. ஒரு முறை செய்து முடிகிற வேலை இல்லை இது. இன்று அடைத்த தெருவில் அடுத்த ஆண்டு புதுக் கசிவு வரும். ஃபிட்டர் வேண்டும், உதிரிப் பாகம் கையிருப்பில் வேண்டும், ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும். தரைக்கு அடியில் மாற்றிய குழாய்க்குத் திறப்பு விழாவும் கிடையாது. அதனால்தான் இது எப்போதும் தள்ளிப் போகிறது, இதைக் கேட்கவும் மக்கள்தான் பழக வேண்டியிருக்கிறது. சக்ஷன் மோட்டார் விவகாரமும் இதில் சேரும். மெயினில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் ஒவ்வொரு வீடும் கடைசித் தெருக் குழியை இன்னும் அரையடி ஆழமாக்குகிறது. பறிமுதல் செய்தால் ஒரு வாரம் அடங்கும். எல்லாத் தெருவுக்கும் சமமான அழுத்தம் வந்தால்தான் நிலையாக அடங்கும். வரத்து நிச்சயம் என்று தெரிந்தவர் மோட்டார் வாங்க மாட்டார்.

ஊருணி: மூன்று மாதத்துக்கான காப்பு

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிக்கிற ஊருணியில் கால் நனைக்கக் கூடாது. செருப்போடு கரையேறக் கூடாது. மாடு இறங்காமல் முள்வேலி. கலங்கல் தெளியத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசிவிடுவார்கள். குழாய் வந்த பிறகு அந்தக் காவல் தளர்ந்தது. காவல் தளர்ந்ததும் குப்பை வந்தது, சாக்கடை வந்தது, பிறகு பேருந்து நிலையமும் வந்தது.

ஓர் ஊருணியால் எவ்வளவு முடியும் என்று உணர்ச்சிவசப்படாமல் கணக்குப் பார்க்கலாம். 100 மீட்டர் நீளம், 80 மீட்டர் அகலம், சராசரி 3 மீட்டர் ஆழம் என்றால் 2.4 கோடி லிட்டர். மார்கழிக்குப் பின் ஆனி வரையிலான ஆறு மாத வெயிலில் ஒரு மீட்டர் அளவுக்கு ஆவியாகும். கசிவும் சேர்த்துப் பாதி போனதாகக் கொள்வோம். மிச்சம் 1.2 கோடி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்று 25,000 பேருக்கு நாளுக்கு 2.5 லட்சம் வேண்டும். ஆக 48 நாள். இப்படி இரண்டு ஊருணி இருந்தால் மூன்று மாதம், அதாவது சித்திரை வைகாசி முழுக்கத் தாண்டிவிடலாம்.

17.5 லட்சம் லிட்டர் என்ற முழுத் தேவையை ஊருணி தராது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊருணி தருவது வேறு: காவிரிக் குழாய் உடைந்த வாரத்தில், போர்கள் வற்றிய மாதத்தில், தொண்டையை நனைக்கும் தண்ணீர். கசிந்து போகும் பாதியும் முழு நட்டமில்லை. சுற்றியுள்ள கிணறுகளில் அது ஏறும். ஊருணியை ஒட்டித் தோண்டிய வடிகட்டும் கிணற்றில் மண்ணே சலித்துக் கொடுக்கும். அதிலும் குளோரின் கலந்துதான் குடிக்க வேண்டும்.

செலவு குறைவு, ஆனால் சிக்கல் பணத்தில் இல்லை. ஊருணியைத் தூர்வாருவது எளிது; வண்டி வரும், மண் போகும், படம் எடுக்கலாம். வரத்துக் கால்வாயை மீட்பதுதான் கடினம். மழைநீர் வரும் வழியில் யாரோ மனை போட்டிருப்பார்கள். நெடுஞ்சாலைக்குக் கீழே பாலக்குழாய் அடைத்திருக்கும். மேலே உள்ள கண்மாயின் கலுங்கு, அதாவது மிகைநீர் வழியும் மடை, உடைந்திருக்கும். அந்தக் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறைக்குச் சொந்தம், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. ஊருணி பேரூராட்சிக்கு. கால்வாயின் கணக்கு வருவாய்த் துறையிடம். நான்கு மேசைகளையும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வரவழைத்து, கிராம வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கால்வாய் நெடுக நடந்தால்தான் இது நடக்கும். கால்வாயைத் திறக்காமல் ஊருணியை மட்டும் ஆழப்படுத்திய இடங்களில் மழைக்குப் பிறகும் அடியில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கிறது.

மீட்டர் வைக்கலாமா?

எவ்வளவு பிடித்தாலும் ஒரே கட்டணம் என்பதுதான் இன்று நம் பேரூராட்சிகளில் பெரும்பாலும் உள்ள முறை. தோட்டத்துக்குப் பாய்ச்சுபவரும் குழியில் மொண்டு பிடிப்பவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். இது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

மகாராஷ்டிரத்தில் சாத்தாரா மாவட்டம், கராட் ஊரை ஒட்டிய மல்காபூர் ஒரு சிற்றூர்தான். 2000களின் பிற்பகுதியில் குழாய்களை மாற்றி, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து, கூடப் பிடிக்கப் பிடிக்கக் கூடும் கட்டணம் போட்டு, 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்தது. ஒடிசாவின் புரி 2021 ஜூலையில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று அறிவித்தது. ஐந்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் என்பது நம் ஊர்களின் தலைவிதி இல்லை என்பதற்கு இவை சாட்சி.

ஆனால் அந்த ஊர்கள் செய்த வரிசையைக் கவனிக்க வேண்டும். குழாய் முதலில். இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் வீட்டு மீட்டர் ஒழுங்காக ஓடாது. வால்வு திறந்ததும் குழாயில் நிற்கும் காற்று முதலில் வந்து மீட்டரைச் சுழற்றும். காற்றுக்குப் பணம் கட்டச் சொன்னால் மக்கள் கொதிப்பார்கள், கொதிக்கவும் வேண்டும். பின்னால் வரும் மண்ணும் துருவும் மீட்டரை அடைக்கும். கசிவை அடைக்காமல் 24 மணி நேரத்துக்குப் போனால் இன்னும் மோசம்: இரண்டு மணி நேரம் ஒழுகிய துளை இனி இருபத்து நாலு மணி நேரமும் ஒழுகும்.

கட்டணப் படிகளிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. ஒரே இணைப்பில் மூன்று குடும்பம் பிடிக்கும் லைன் வீடு, ஒரு குடும்பம் மட்டும் இருக்கும் மாடி வீட்டைவிட உயர்ந்த படியில் போய் நிற்கும். ஆளுக்கு இத்தனை லிட்டர் வரை குறைந்த கட்டணம் என்று குடும்ப அட்டையை வைத்து நிர்ணயிக்கலாம். தெருக்குழாயை மூடுவது என்றால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கிடைத்த பிறகுதான். வணிக இணைப்பு, திருமண மண்டபம், விடுதி, ஹோட்டல் இவற்றுக்கு மட்டும் முதலில் மீட்டர் வைத்துப் பழகுவது என் தேர்வு.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. கூரை மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமானது. 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் 65,000 லிட்டருக்குக் குறையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் நல்லது, ஊர் நிர்வாகத்துக்குப் பெரிய செலவும் இல்லை, ஆகவே இதைப் போட்டியில் சேர்க்கவே வேண்டாம். பேரூராட்சி தன் சொந்தக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் குழாயைச் சுத்தம் செய்து காட்டினால் போதும். கடல்நீரைக் குடிநீராக்குவது ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் கேட்கும் வேலை. மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள் சென்னைக்குத் தாங்கும், ஒரு பேரூராட்சிக்குத் தாங்காது. உப்பை வடிகட்டும் தெருமுனை ஆர்.ஓ. நிலையம் ஒரு குடம் தரும்போது ஏறத்தாழ இன்னொரு குடத்தைக் கழிவாகத் தள்ளுகிறது. உப்பு ஊர்களுக்கு மட்டும் சரி. லாரித் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும். 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோன கோடையை மறந்துவிடக் கூடாது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு ரயில் கிடைத்தது, நம் ஊருக்குக் கிடைக்காது.

என் வரிசை

முதல் ஆண்டில் பெரிய மானிகள், வால்வு வரைபடம், தொட்டி மட்டம் காட்டும் கருவி, ஒரு வார்டில் முழுக் கசிவுச் சோதனை. அந்த வார்டு தொட்டிக்குப் பக்கத்து வார்டாக இருக்கக் கூடாது. கடைசித் தெரு இருக்கும் வார்டாக இருக்க வேண்டும். அங்கே ஓர் அழுத்தமானியை வைத்து, குளோரினையும் அங்கேயே சோதிக்க வேண்டும். சின்னச் சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது கடைசிக் குழாயில் இருக்க வேண்டும். தொட்டியடியில் மஞ்சள் வருவதும் கடைசித் தெருவில் நிறமே மாறாமல் இருப்பதும் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம் என்பதற்கு அடையாளம்.

அதே ஆண்டு மழைக்கு முன் ஓர் ஊருணியின் வரத்துக் கால்வாய். ஊருணியைத் தொட வேண்டாம், கால்வாயை மட்டும் திறந்துவிட்டு மழை எவ்வளவு கொண்டுவருகிறது என்று பார்த்துவிட்டு, அடுத்த கோடையில் தூர்வாரலாம். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மோசமான தெருக்களின் குழாய் மாற்றம், வணிக மீட்டர். இவற்றுக்குப் பிறகும் பற்றாக்குறை இருந்தால், அளந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டுக் குடிநீர் ஒதுக்கீட்டைக் கேட்கலாம். அப்போது அந்தக் கடிதத்துக்கு எடை இருக்கும்.

பணம்? 15ஆவது நிதிக்குழு பத்து லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென்றே ஒதுக்கிக் கட்டிவைத்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் நகர்ப்புறக் குடிநீர்த் திட்டமான அம்ருத் 2.0, எல்லாச் சிறு நகரங்களையும் சேர்த்துக்கொண்டு, நீர் இழப்பை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதையும் நீர்நிலை மீட்பையும் தன் இலக்குகளில் எழுதிவைத்தது. கசிவை அடைக்க நிதித் தலைப்பே இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2022 நவம்பர் 1 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடுகிறது. அடுத்த முறை கூடும்போது மூன்று எண்களைக் கேளுங்கள்: நேற்று எத்தனை லிட்டர் ஏற்றினீர்கள், எத்தனை லிட்டர் தொட்டியிலிருந்து இறங்கியது, கடைசித் தெருவில் அழுத்தம் எவ்வளவு. முதல் முறை பதில் இருக்காது. கூட்டக் குறிப்பேட்டில் கேள்வியை எழுதச் சொல்லுங்கள். இதைப் புரட்டாசியில் கேட்டால் வேலை நடக்க ஆறு மாதம் இருக்கும். சித்திரையில் கேட்டால் லாரிக்குத்தான் ஆள் அனுப்புவார்கள்.